இரட்டையர் ஆட்டக்காரரின் வரவு செலவு

டென்னிஸ் என்றதும் விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்று பெரிய பெயர்களைச் சொல்கிறோம். தரவரிசையில் எழுபது, நூறு என்ற இடங்களில் இருந்துகொண்டு இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களை நாம் கவனிப்பதில்லை. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு எதையும் கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். சென்னை ஜீவன் நெடுஞ்செழியனை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம்.

முதலில் கூட்டல். ஜோடியில் இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். 60-ம் 95-ம் சேர்ந்தால் 155. கூட்டுத்தொகை குறைந்த ஜோடிகளுக்கே போட்டியில் முதலில் இடம். மற்றவர்கள், நம் ரயில் வெயிட்டிங் லிஸ்ட் போல, யாராவது விலகுவார்களா என்று காத்திருக்க வேண்டும். ஆகவே நல்ல ஜோடி அமைவதே பாதி வெற்றி.

அடுத்தது கழித்தல். 2017 ஜனவரியில் ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து ஜீவன் சென்னை ஓபனை வென்றார். அது அவருடைய முதல் ஏ.டி.பி. பட்டம், ஆளுக்கு 250 புள்ளிகள். ஆனால் புள்ளிகளின் ஆயுள் 52 வாரமே. மறு ஜனவரியில் அவை கழிந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, சேலஞ்சர் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளில் ஊர் ஊராக ஆட வேண்டும். அங்கே புள்ளியும் பணமும் குறைவு. பரிசுத் தொகையை இருவர் பங்கிட வேண்டும்; விமானக் கட்டணம் மட்டும் பாதியாகாது.

மூன்றாவது, நூலிழை வித்தியாசம். 2006 முதல் ஏ.டி.பி. இரட்டையரில் ஆளுக்கொரு செட் எடுத்தால் முழு மூன்றாம் செட் கிடையாது. பத்துப் புள்ளி டைபிரேக்தான். இரண்டு மூன்று பந்துகளில் ஒரு வார உழைப்பு முடிந்துவிடும்.

2018-ல் ஜீவனும் அமெரிக்கரான ஆஸ்டின் கிராஜிசெக்கும் சீனாவின் செங்டு இறுதிப் போட்டியில் தோற்றனர். கிராஜிசெக் 2023-ல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். ஜீவன் காத்திருந்தார். 2024 செப்டம்பரில் விஜய் சுந்தர் பிரசாந்துடன் சேர்ந்து, ஹாங்சோவில் முதல் செட்டை இழந்த பின் 4-6, 7-6, 10-7 என்று வென்றார். முதல் பட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே ஏழு ஆண்டு எட்டு மாதம்!

நம் குழந்தைகளை டென்னிஸ் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது. ஜீவன் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர் என்பதையும் மறக்க வேண்டாம். படிப்பு கையில் இருந்தால் காத்திருக்கத் தெம்பு வரும். முதலிடம் கிடைக்காத ஆட்டமும் மரியாதையான தொழில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.