தீவிலிருந்து தீவுக்கு

தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடலுக்குச் செல்வோமா?

ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹானலூலுவையும் நியூசிலாந்தின் வடக்குத் தீவிலுள்ள ஆக்லாந்தையும் பூகோள உருண்டையில் ஒரு நூலால் இணைப்போம். அந்த நூலின் நீளமே மிகக் குறுகிய வான்வழி. அது ஏறத்தாழ 7,100 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு 8 மணி 21 நிமிடம் ஆகும். மேலெழும்பவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தையும் எதிர்க்காற்றையும் சேர்த்து 9 மணி நேரம் என்று கொள்வோம்.

திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஹானலூலுவில் ஏறினால் இரவு 11 மணிக்கு இறங்குவோம் அல்லவா? ஆம், ஆனால் அது ஹானலூலு கடிகாரத்தின்படி. ஆக்லாந்தின் நேரமோ 22 மணி முந்தியது (அங்கே கோடைக்காலத்தில் 23 மணி). ஆகவே அங்கே அப்போது செவ்வாய் இரவு 9 மணி! வழியில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்துவிட்டோம். திரும்பும்போது செவ்வாய் இரவு 11 மணிக்குப் புறப்பட்டால், அதே செவ்வாய் காலை 10 மணிக்கே ஹானலூலுவில் இறங்கிவிடலாம். இழந்த நாள் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு அன்று. 1932இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்த முதல் பெண்மணி அமீலியா இயர்ஹார்ட். அவர் 1937 ஜூலை 2ஆம் நாள் காலை 10 மணிக்கு, வழிகாட்டி பிரெட் நூனனுடன் நியூகினித் தீவின் லே நகரிலிருந்து புறப்பட்டார். சேர வேண்டிய இடம் சுமார் 4,100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹௌலண்ட் தீவு. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமே உள்ள தாழ்ந்த மணல்திட்டு அது. அவருக்காகவே அங்கே ஓடுதளம் அமைத்திருந்தார்கள். இத்தனை தூரத்தில் திசை ஒரு பாகை பிசகினாலும் விமானம் 65 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும்.

இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்தபின், தீவருகே காத்திருந்த கப்பல் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது. தேதிக்கோட்டைக் கடந்ததால் அங்கேயும் ஜூலை 2 காலைதான். எரிபொருள் குறைந்துவருவதாகச் சற்று முன்னரே அவர் அறிவித்திருந்தார். தீவு அவர் கண்ணில் படவேயில்லை. விமானமும் அதிலிருந்த இருவரும் திரும்பவில்லை.

இன்றைய ஜெட் விமானம் அந்தத் தூரத்தை ஐந்து மணி நேரத்துக்குள் பறந்துவிடும். செயற்கைக்கோள்கள் வழி காட்டுகின்றன. ஆயினும் எதிர்க்காற்றுக்கும், மாற்று விமான நிலையம் செல்லவும் வேண்டிய எரிபொருளைக் கணக்கிட்டு நிரப்பிய பின்னரே விமானம் புறப்படுகிறது.

தோழியரே! விடைத்தாளில் ஒரு பாகை பிசகினால் நமக்கு ஒரு மதிப்பெண் போகும். நடுக்கடலில் அதன் விலை என்ன என்பதை எண்ணிப் பார்த்து, கணக்கை இன்னும் கருத்தாய்க் கற்போம்.