வீட்டிலிருந்து பணியும் ஊழியர் மனநிறைவும்: பெங்களூருவின் அனுபவம்

ஊழியர் வேலையைத் தேடிச் செல்வதற்குப் பதிலாக, வேலை ஊழியரைத் தேடி வரலாம் என்ற கருத்து புதியதன்று. 1973-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பொறியியலாளர் ஜாக் நில்ஸ் இம்முறைக்குப் பெயர் சூட்டி ஆராய்ந்தார். தகவல் தொழில்நுட்ப நகரமான பெங்களூருவில் 2020 மார்ச் ஊரடங்கு அதைச் சில நாட்களிலேயே நடைமுறையாக்கிற்று. நெருக்கடி நீங்கிய பின்னரும் ஒரு வினா எஞ்சியது: எத்தகைய விதிமுறை ஊழியரின் மனநிறைவை வளர்க்கும்?

அரசு விதிகளில் மாற்றம்

2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, அழைப்பு மையம் போன்ற சேவை நிறுவனங்களுக்கு இருந்த பதிவுமுறையையும் வங்கி உத்தரவாதத்தையும் நீக்கிற்று. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் சேர்க்கப்பட்ட புதிய விதி, ஊழியரில் 50 சதவீதம் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து பணிபுரிய இடமளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வரம்பு தளர்த்தப்பட்டு, அனைவருக்கும் இவ்வசதியை அளிக்கலாம் என்றாயிற்று.

பயணச் சுமை

பெங்களூருவில் இப்பிரச்சினை போக்குவரத்தோடு பிணைந்தது. டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்கள் தேவைப்பட்டன. வெளிவட்டச் சாலையில் மெட்ரோ ரயில் பணி தொடங்கவிருந்ததால், 2022 டிசம்பர் வரை வீட்டிலிருந்து பணிபுரியும் முறையைத் தொடருமாறு 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. நீண்ட தொலைவு பயணம் செய்வோருக்கு மிச்சமாகும் நேரமே மனநிறைவின் முதல் ஊற்று எனலாம்.

ஆய்வுகள் உணர்த்துவன

நிக்கலஸ் புளூம் முதலானோர் ஷாங்காய் அழைப்பு மையம் ஒன்றில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து பணிபுரிந்தோரின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது, மனநிறைவும் கூடிற்று, பணியிலிருந்து விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். ஆயினும் திறமைக்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் குறைந்தது. பின்னர் அவரவர் விருப்பத்திற்கு விட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் தம் முறையை மாற்றிக்கொண்டனர்.

2024-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 1,612 ஊழியரை உட்கொண்டது. வாரத்தில் இரு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரிடையே விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பெண்களிடமும் தொலைவிலிருந்து வருவோரிடமும் இப்பலன் மிகுதி. பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை.

மாறாக, சென்னையில் தரவுப் பதிவு ஊழியரிடம் நடந்த சோதனையில், வீட்டிலிருந்து செய்த வேலை 18 சதவீதம் குறைந்தது. வீட்டை விரும்பியோரிடமே இக்குறைவு அதிகம். விருப்பமும் வீட்டுச் சூழலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதே இதன் படிப்பினை.

வகுக்க வேண்டிய நெறி

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ 2023 நவம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள் அலுவலக வருகையைக் கட்டாயமாக்கியது. நாட்களின் எண்ணிக்கை மட்டும் மனநிறைவைத் தீர்மானிப்பதில்லை. வருகை நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நாட்களில் வருதல் நலம். வீட்டில் வசதியற்றோருக்கு அலுவலக இடம் எப்போதும் கிடைக்க வேண்டும். பணி நேரத்திற்கு எல்லை வேண்டும். பதவி உயர்வு, கண்ணில் படுவதைக் கொண்டன்றிச் செய்த பணியைக் கொண்டே அமைய வேண்டும். இவை இல்லாவிடில், பயணத்தில் மிச்சமான நேரத்தை வேலையே விழுங்கிவிடும்; சலுகையாக வந்தது சுமையாக முடியும்.