நகையும் கூச்சமும்

நுழையும்முன்

தேர்வு நெருங்கும் நாள்களில் தோழர்கள் கூடிச் சிரிக்கும் சில நிமிடங்கள் மனச்சுமையைச் சற்றே இறக்கிவைக்கின்றன. சிரிப்பு உள்ளத்தில் பிறக்கலாம்; விரல்பட்ட உடலிலும் பிறக்கலாம். விரலால் வரவழைக்கும் சிரிப்பு மன இறுக்கத்தைத் தளர்த்துமா என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

குழந்தையின் உள்ளங்கையை விரித்துத் தாய் தன் முழங்கையால் பருப்புக் கடைகிறாள். கடைந்ததை வீட்டிலுள்ளோர்க்கெல்லாம் ஊட்டிவிட்டு, விரல்களை நண்டாகவும் நரியாகவும் ஆக்கிக் கைவழியே ஊரவிடுகிறாள். விரல்கள் அக்குளை அடையும் முன்பே குழந்தை உடலை ஒடுக்கிக்கொண்டு சிரிக்கிறது. இன்னும் தொடாத இடத்தில் கூச்சம் எவ்வாறு எழுந்தது?

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அதற்கு நிலைக்களன்களாகக் கூறினார். தொடுதலால் எழும் சிரிப்பு அவற்றுள் இல்லை. இதனை விடுபாடு எனல் பொருந்தாது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. கிச்சுகிச்சு மூட்டும்போதோ உடலில் தொடங்கியது உள்ளத்தை நோக்கிச் செல்கிறது.

உணர்ச்சி வெளிப்பாடு குறித்து 1872இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூலில் இதுபற்றிய இரு செய்திகள் உள்ளன. தமக்குத் தாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ளுதல் அரிது என்பது ஒன்று. அறிமுகமற்றவர் அவ்வாறு செய்தால் குழந்தை சிரிக்காது, அஞ்சி அலறும் என்பது மற்றொன்று.

முதற்செய்திக்கான காரணத்தை 1998இல் இலண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் கை அசையும்போது விளையவிருக்கும் தொடுவுணர்வைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அதனை மட்டுப்படுத்திவிடுகிறது. பிறர் விரல் எக்கணத்தில் எங்கே படும் என்பதை அவ்வாறு கணிக்க இயலாது.

இரண்டாவது செய்தியே நம் பொருளுக்கு நெருக்கமானது. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஷிம்பெய் இஷியாமா, மைக்கேல் பிரெக்ட் ஆகியோரின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்கள் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினர். எலிகள் கீச்சொலி எழுப்பின, துள்ளிக் குதித்தன, விலகிய கையைத் துரத்தி வந்தன. தொடுகையே இல்லாத அத்துரத்தலின்போதும், தொடுவுணர்வுக்குரிய மூளைப்பகுதியின் நரம்பணுக்கள் கிளர்ந்தன. தாயின் விரல் வருமுன் சிரிக்கும் குழந்தையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். பின்னர் அவ்வெலிகளைக் கூசும் வெளிச்சத்தில், உயரமான மேடைமேல் நிறுத்தினர். விரல்கள் அவையே, செயலும் அதுவே. ஆயினும் கீச்சொலி அடங்கியது; நரம்பணுக்களின் கிளர்ச்சியும் குன்றியது.

தெரிந்து தெளிவோம்

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கேட்கும். விளையாடும் எலிகளின் கீச்சொலி ஏறத்தாழ 50,000 ஹெர்ட்ஸ் அளவினது. ஆகவே, அதனைத் தனிக்கருவி கொண்டே கேட்க முடியும். கிச்சுகிச்சு மூட்டினால் எலிகள் இவ்வொலி எழுப்புவதை 1990களின் இறுதியில் யாக் பாங்க்செப் குழுவினர் அமெரிக்காவில் கண்டறிந்தனர்.

அச்சத்தில் இறுகிய உடலிடம் கிச்சுகிச்சு தோற்றுப்போகிறது என்பதே இவ்வாய்வு உணர்த்துவது. தொடுபவர்மீது நம்பிக்கையும், அப்போதைக்கேனும் அச்சமின்மையும் இருந்தால்தான் அது விளையாட்டாகும். மனிதரிடம் மற்றொரு சிக்கலும் உண்டு. விருப்பம் இல்லாதபோதும் உடல் சிரித்துவிடும். நால்வர் பிடித்துக்கொள்ள ஒருவன் ‘வேண்டாம், விடுங்கள்’ எனத் திமிறியபடியே சிரிப்பதை விடுதியறைகளில் காணலாம். மூச்சுத் திணறுகிறது, கண்ணில் நீர் வருகிறது. சூழ்ந்திருப்போர் காதில் விழுவது சிரிப்பொலி மட்டுமே. அச்சிரிப்பை இசைவாகக் கொள்வது பெரும்பிழை. அங்கே உண்மையாக நிற்பது ‘வேண்டாம்’ என்னும் சொல்தான்.

தொடாமலும் சிரிப்பை வரவழைக்கலாம். மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995இல் பூங்கா ஒன்றில் நால்வரைச் சேர்த்துக்கொண்டு சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார். முதலில் நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லிச் சிரித்தனர். சில நாள்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. (எந்த வகுப்பறைக்கும் நேர்வதுதான்!) எனவே, காரணமின்றியே சிரிக்க முற்பட்டனர். பொய்யாகத் தொடங்கிய சிரிப்பு, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததும் மெய்யாகிவிட்டது. உரக்கச் சிரிக்கும்போது உதரவிதானமும் விலாத்தசைகளும் சுருங்கி விரிகின்றன, இதயத்துடிப்பு உயர்ந்து, பின்னர்த் தணிகிறது, தசைகள் தளர்கின்றன. இம்முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உலகச் சிரிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.