ஆன்டெனா வாங்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி



நம் பக்கத்து ஊர் உறுப்பினர் ஒருவர் குழுவில் 2,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, "டி.வி. ஆன்டெனாவுக்குக்கா" என்றார். வண்டியில் கொண்டுவந்து விற்ற ஒருவர், "இது டிஜிட்டல் ஆன்டெனா. ஒரு தடவை காசு கொடுத்தா போதும். மாசச் சந்தா கிடையாது. எல்லா சேனலும் வரும்" என்று சொல்லியிருக்கிறார். மாடியில் கம்பம் நட்டு, மீன் முள் மாதிரி இருந்த ஆன்டெனாவை மாட்டி, பூஸ்டரும் வைத்துவிட்டுப் போனார். "சிக்னல் வர ரெண்டு நாள் ஆகும்" என்றாராம். ஒரு சேனல்கூட வரவில்லை. போன் போட்டால் எடுப்பதும் இல்லை.

"ஏமாந்துட்டேன்கா, கடனை மட்டும் கட்டிக்கிட்டிருக்கேன்" என்று கூட்டத்தில் அவர் சொன்னபோது நமக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. அவர் மேல் தப்பு இல்லை. இதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம்.

1. ஆன்டெனா என்ன வேலை செய்கிறது?

குழாயடியில் எவ்வளவு பெரிய குடத்தை வைத்தாலும், குழாயில் தண்ணீர் வந்தால்தானே நிறையும்? ஆன்டெனாவும் குடம் மாதிரிதான். காற்றில் வரும் அலையைப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அலையே வராத ஊரில் எத்தனை அடி உயரத்தில் கட்டினாலும் பயன் இல்லை. பூஸ்டரும் அப்படித்தான். வருகிற சிக்னலைக் கூட்டும், வராததைக் கொண்டுவராது.

இன்னொன்று. "டிஜிட்டல் ஆன்டெனா" என்று தனியாக ஒன்று கிடையாது. டிஜிட்டல் சிக்னலைப் படமாக மாற்றுவது டி.வி.க்குள் இருக்கும் கருவியோ, செட்டாப் பாக்ஸோதான். அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே கடைக்காரரிடம், "இது எத்தனை கிலோமீட்டர் இழுக்கும்?" என்று கேட்கக் கூடாது. "எங்க ஊருக்கு எந்த சிக்னல் வருது? எங்கிருந்து வருது?" என்றுதான் கேட்க வேண்டும்.

2. நம் ஊருக்கு எது வருகிறது?

பழைய கோபுர ஒளிபரப்பு: அந்தக் காலத்தில் கூரை மேல் கம்பி ஆன்டெனா கட்டி, காற்றடித்தால் திருப்பித் திருப்பி வைத்து தூர்தர்ஷன் பார்த்தோமே, அதுதான் இது. 2022-க்குள் சில முக்கிய இடங்கள் தவிர நாடு முழுவதும் இதைப் படிப்படியாக நிறுத்த முடிவானது. அதை நம்பி இப்போது கம்பி ஆன்டெனா வாங்க வேண்டாம்.

கோபுர டிஜிட்டல் ஒளிபரப்பு: சென்னை உள்பட சில நகரங்களில் 2016-ல் தூர்தர்ஷன் இதைத் தொடங்கியது. கோபுரத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் இது எட்டும். டி.வி.பி.-டி2 என்கிற முறையை எடுக்கும் டி.வி. அல்லது பெட்டியும் வேண்டும். பழைய சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. வந்தால் தெளிவாக வரும். குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் கிராமத்துக்கு இது சரிப்படாது.

செயற்கைக்கோள் ஒளிபரப்பு: கிராமத்தில் மாதச் சந்தா இல்லாமல் பார்க்க இதுதான் வழி. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் "டி.டி. டைரக்ட் பிளஸ்" என்ற பெயரில் தொடங்கியது, இப்போது "டி.டி. ஃப்ரீ டிஷ்" என்ற பெயரில் நடக்கிறது. ஜிசாட்-15 என்ற நம் நாட்டு செயற்கைக்கோள் வழியாக வருவதால், கோபுரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்குக் கம்பி ஆன்டெனா ஆகாது. நாம் "குடை" என்று சொல்கிறோமே, அந்த டிஷ்தான் வேண்டும்.

3. என்ன வாங்குவது?

• குடை: சுமார் 60 செ.மீ., அதாவது இரண்டடி அகலம் போதும். நெளிவு இருக்கக் கூடாது.

• எல்.என்.பி.: குடைக்கு முன்னால் கை நீட்டியது போல் இருக்கும் சின்னக் கருவி. சிக்னலை வாங்குவது இதுதான்.

• செட்டாப் பாக்ஸ்: எம்பெக்-4 வகை கேளுங்கள். அது பழைய எம்பெக்-2 சேனல்களையும் எடுக்கும். 2006 முதல் அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. இன்னும் ஓடுகிறதா? மூன்று நிற ஒயர் மாட்டும் வசதி பெட்டியில் இருந்தால் அதிலேயே பார்க்கலாம்.

வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பழைய டி.டி.எச். குடை சும்மா கிடந்தால் புதிதாக வாங்காதீர்கள். எல்.என்.பி. நல்லபடியாக இருந்தால், திசையை மாற்றிப் பெட்டி மட்டும் வாங்கினால் போதும்.

4. எங்கே மாட்டுவது?

நம் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கு வானத்தில், நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் தென்னை, வேம்பு, மாடிச் சுவர் எதுவும் மறைக்கக் கூடாது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் 20-ம் தேதியை ஒட்டிய நாட்களில், காலை 11 மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும். அந்த நேரத்தில் நீங்கள் நினைத்த இடத்தில் வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். நிழல் விழுந்தால் வேறு இடம் பாருங்கள். இன்றைக்குச் சின்னதாக இருக்கும் தென்னங்கன்று நாளைக்கு வளரும், அதையும் யோசியுங்கள்.

5. மாட்டும்போது கூடவே நிற்போம்

• குடை தாங்கும் குழாய் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

• டி.வி. திரையில் சிக்னலுக்கு இரண்டு கோடு காட்டும். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். குடை தப்பான திசையில் இருந்தாலும் வலிமைக் கோடு ஏறும். தரக் கோடு ஏறினால்தான் சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

• ஒயர் வீட்டுக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

• கனமழையில் படம் நின்றால் பயப்பட வேண்டாம், மழை விட்டதும் வரும். ஆனால் இடி மின்னல் வரும்போலத் தெரிந்தால் முன்கூட்டியே டி.வி., பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மின்னும்போது ஒயரைத் தொடாதீர்கள்.

• படம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே முழுப் பணமும் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

6. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதச் சந்தா 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 2,400 ரூபாய். குடை, பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அதே அளவு தொகை ஒரே தடவை செலவாகும், அடுத்த வருஷம் அது மிச்சம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கும் சேனல்கள் இதில் வராது. தூர்தர்ஷன் தமிழ், பள்ளிப் பிள்ளைகளுக்கான பி.எம். இ-வித்யா, இன்னும் சில இலவச சேனல்கள் வரும். தமிழ் சேனல்கள் குறைவு. ஏற்கெனவே வைத்திருக்கும் வீட்டில் போய் அரை மணி நேரம் பாருங்கள். "இது நமக்குப் போதுமா?" என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். போதாது என்றால் சந்தா கட்டுவதில் தப்பில்லை. தெரிந்து கட்டுவது வேறு, ஏமாந்து கொடுப்பது வேறு.

அந்த உறுப்பினர் என்ன செய்தார்? அவருடைய அம்மா வீட்டில் பழைய குடை ஒன்று துருப்பிடிக்காமல் கிடந்தது. ஏமாந்து நட்ட கம்பத்தையே நேராக்கி அதில் அதை மாட்டினார்கள். பெட்டிக்கு மட்டும் பணம் கொடுத்தார். படம் வந்த பிறகுதான் கொடுத்தார்!

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் பயன்படாத குடை கிடக்கிறது?

2. டி.வி.க்காக நாம் மாதம் எவ்வளவு கட்டுகிறோம்? சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. ஐந்து, பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே கடையில் வாங்கினால் விலையும் கூலியும் குறையுமா? இரண்டு பேர் போய் விசாரித்து வாருங்கள்.

4. வீட்டு வாசலில் வந்து விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன் என்னென்ன கேட்போம்? தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.