பரணில் துப்பாக்கி, கொல்லையில் மான்

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் போனால் கல்வராயன் மலை தொடங்கிவிடும். அந்த அடிவாரத்து வீடுகளில் மானைப் பற்றிய பேச்சு இரண்டு விதமாக வரும். "ராத்திரி உளுந்துல இறங்கிடுச்சு" என்ற புலம்பல் ஒன்று. எந்த மிருகத்துக்கு எந்தக் குண்டு என்று திண்ணையில் அளக்கப்படும் தாத்தா காலத்துக் கதை இன்னொன்று. இரண்டுக்கும் பயன்படும் குறிப்புகள் இங்கே.

1. துப்பாக்கிக் குண்டின் எடையை 'கிரெய்ன்' என்று சொல்வார்கள். தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு அது. நம் தட்டார் கடைக் கணக்கில் சொன்னால் சுலபம்: இரண்டு கிரெய்ன் ஏறக்குறைய ஒரு குன்றிமணி. 150 கிரெய்ன் குண்டு 9.7 கிராம், அதாவது ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. 180 கிரெய்ன் என்றால் ஒன்றரைப் பவுனைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த முறை திண்ணையில் யாராவது "கால் கிலோ குண்டு" என்று கதை விட்டால் பவுன் கணக்கைக் கேளுங்கள்.

2. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவதாகச் சொன்னால் பதற வேண்டாம். அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்துச் சட்டப்படி செய்கிற காரியம் அது. டெக்சாஸ் மாநிலத்தில் நம் ஊர்ப் புள்ளிமானே திரிகிறது. 1932 வாக்கில் இந்தியாவின் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள், பெருகிவிட்டது.

அந்த ஊர் வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதாடுவது '.30-06' என்ற பழைய தோட்டாவைப் பற்றி. 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்பார்கள். 30 என்பது துப்பாக்கிக் குழாயின் உள் குறுக்களவு, அங்குலத்தில் நூற்றில் முப்பது. 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ஆம் ஆண்டு. ராணுவம் அன்று போட்ட குண்டு 150 கிரெய்ன். இன்றைக்கும் மானுக்கு 150 முதல் 165 வரை போதும் என்பதுதான் பெரும்பாலோர் கட்சி. எல்க், மூஸ் போன்ற எருமை கனத்து மான்களுக்குத்தான் 180-உம் அதற்கு மேலும். இலேசான குண்டு வேகமாகப் போகும், தோளில் உதையும் குறைவு. கனமானது ஆழமாக இறங்கும். புள்ளிமான் கிடா நன்றாக வளர்ந்தால் எழுபது கிலோ சொச்சம். அதற்குக் கனத்த குண்டு எதற்கு?

நம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி சுட்டுப் புத்தகம் எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்த .405 வின்செஸ்டர் போட்டது 300 கிரெய்ன். அது புலிக்கான கணக்கு.

3. மேலே சொன்னது டெக்சாஸோடு சரி. இங்கே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த எடைக் குண்டும் மானுக்கு ஆகாது. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருள் பலருக்குத் தெரியாது. கொன்றால்தான் வேட்டை என்று இல்லை. கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, துரத்துவது, செய்ய முயல்வது எல்லாமே வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விலங்கைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் 7 ஆண்டு வரை நீளும். போன பைக்கும் போய்விடும், அதுவும் அரசு சொத்தாகும்.

4. "எங்ககிட்ட ரைஃபிளா இருக்கு, நாட்டுத் துப்பாக்கிதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை பார்த்துக் குண்டு தேர்ந்தெடுப்பதே, ஒரே குண்டில் விலங்கு வதைபடாமல் விழ வேண்டும் என்பதற்காகத்தான். நாட்டுத் துப்பாக்கியில் போவது சைக்கிள் கடைப் பால்ரஸ், ஈயத் துணுக்கு. ஒன்று எங்கே போகும், மற்றொன்று எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. தொடையில் நான்கு பால்ரஸ் வாங்கிய மான் விழாது. ஓடிப் புதரில் படுத்து, புண் அழுகி, நாலைந்து நாள் கழித்துச் சாகும். இருட்டில் அசைவதைப் பார்த்துச் சுட்டு, விறகு பொறுக்கப் போனவர்மேல் பட்ட சம்பவங்களும் மலைப் பக்கங்களில் நடந்திருக்கின்றன. குழாய் வெடித்துச் சுட்டவர் விரல் போவதும் உண்டு.

5. ஈயம் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சுட்ட கறியில் குண்டு பட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கையளவு தூரம் தள்ளியும் போய் ஒட்டும். 2008-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈயம் இருப்பதைக் கண்டு, வழங்காமல் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடை செய்துவிட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். கர்ப்பிணிக்கும் ஆகாது.

வெளிநாட்டில் சட்டப்படி வேட்டையாடும் உறவினருக்கு இந்தக் குறிப்பை அனுப்பலாம்: தாமிரக் குண்டுக்கு மாறச் சொல்லுங்கள். தாமிரம் ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்கு நீளம் கூடிவிடும் என்பதால் ஒரு படி குறைத்து எடுப்பது வழக்கம், 165 போட்டவர் 150 போடுவார்.

6. பரணில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறதா? எண்ணெய் போடாதீர்கள், துடைக்காதீர்கள், விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். பல வருஷத்துக்கு முன் இடித்து வைத்த கருமருந்து உள்ளேயே இருக்கலாம், அது காலாவதி ஆகிற பொருள் இல்லை. பிள்ளைகளை அந்த அறைக்கு விடாமல் பூட்டுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "நான் சுடவே இல்லை" என்பது பதில் ஆகாது.

கிணற்றில் போடுவதும் காட்டில் புதைப்பதும் தீர்வல்ல, யாரோ எடுப்பார்கள். மலையூர்களில் காவல்துறை அவ்வப்போது கூட்டம் போட்டு, தாமாக ஒப்படைக்கச் சொல்லி அவகாசம் தருவது உண்டு. அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். அப்படி அறிவிப்பு இல்லாதபோது ஊர்ப் பெரியவரையோ வழக்கறிஞரையோ முன்னிட்டு நிலையத்தில் பேசி, போலீஸ்காரரையே வீட்டுக்கு வந்து எடுத்துப் போகச் சொல்வது நல்லது. சாக்கில் சுற்றிப் பைக்கில் நீங்களே கொண்டு போனால், வழியில் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு நியாயம் சொல்ல வேண்டியிருக்கும்.

7. உரிமம் உள்ள துப்பாக்கிதான், ஆனால் உரிமம் வைத்திருந்த அப்பா காலமாகிவிட்டார் என்றால், அந்த உரிமம் பிள்ளைக்கு வீட்டுப் பட்டா மாதிரி தானாக மாறாது. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே வாரிசுக்கு விண்ணப்பம். ரசீதை லேமினேட் செய்யாதீர்கள், மை மங்கினால் பிரிக்க முடியாது. நகல் எடுத்து வையுங்கள்.

8. சுவரில் மான் கொம்பு, பூஜையறையில் மான் தோல். இரண்டுக்கும் உரிமைச் சான்று வேண்டும். பழைய பொருள்களைக் கணக்கில் காட்ட 2003-இல் ஒரு வாய்ப்புத் தந்தார்கள், முடிந்துவிட்டது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பும் (புள்ளிமான் ஆண்டுக்கொரு முறை கொம்பை உதிர்க்கும்) எடுத்தவருக்குச் சொந்தமில்லை. "சுளுக்குக்கு இழைச்சுப் போட" என்று மான் கொம்பு கேட்டு வருபவருக்கு நொச்சி ஒத்தடம் சொல்லி அனுப்புங்கள்.

9. அக்கம்பக்கத்தில் யாராவது தூக்குப் பாத்திரத்தில் 'ஆட்டுக்கறி' கொண்டுவந்து கொடுத்து, விலை கேட்டால் சிரித்தால், வாங்காதீர்கள். உப்புக்கண்டம் போட்டு வைத்தாலும் குற்றம் குற்றமே.

10. இனி கொல்லைக் காவல். பழைய சேலை கட்டுவது நம் பக்கத்துக் கண்டுபிடிப்பு, வேலை செய்கிறது. காற்றில் அசையும்படி தொளதொளவென்று கட்டுங்கள், இழுத்துக் கட்டினால் சுவர் மாதிரி நிற்கும், இரண்டு நாளில் மான் பழகிவிடும். வாரம் ஒரு முறை இடம் மாற்றுங்கள். நைலான் மீன்வலை மட்டும் கட்டாதீர்கள். கிடாவின் கொம்பு சிக்கினால் கழுத்து இறுகிச் செத்துப்போகும், விடுவிக்கப் போனால் உங்களுக்கும் குத்து. கம்பி வேலிதான் என்று முடிவு செய்தால் எட்டடி உயரம் வேண்டும். ஐந்தடியைப் புள்ளிமான் வேலியாகவே மதிக்காது.

11. லிட்டர் தண்ணீருக்கு இரண்டு முட்டை அடித்துக் கலக்கி, இரண்டு நாள் நாற விட்டு, வடிகட்டி ஓரப் பயிர்மேல் தெளியுங்கள். அழுகின புரத வாடை மானுக்குப் பிடிக்காது. மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம். கோடையில் காட்டில் புல்லே இல்லாதபோது இந்த வாடையையும் பொறுத்துக்கொண்டு மேயும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12. மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். மானுக்கு வைத்ததில் விடியற்காலை மடை திருப்பப் போன சொந்த வீட்டாரே விழுந்த கதைகள் எத்தனையோ. சூரிய மின்வேலி வேறு, அது விட்டுவிட்டு வரும் சிறு அதிர்ச்சி. அதற்கும் 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்திருக்கின்றன. போடுவதற்கு முன் வன அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

13. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கிறவர் யாரென்று ஊருக்கே தெரியும். பன்றிக்கு வைத்ததைப் பசு கடிக்கும், நாய் கடிக்கும். மேய்ச்சலுக்கு விடும் மாடு வாய் கிழிந்து வந்த பிறகு சண்டை போடுவதைவிட, முன்னாலேயே வனக்காப்பாளர் காதில் போட்டு வைக்கலாம்.

14. பன்றியைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டுமே. விவசாயிக்கு அனுமதி இல்லை. மானுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

15. கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் மானை நாய்கள் துரத்தும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் அது விழும். 101 அல்லது 112-க்குக் கூப்பிட்டுவிட்டு, முதலில் நாய்களையும் அதன்பின் செல்போன்காரர்களையும் விரட்டுங்கள். மானுக்குப் பயமே எமன். மேலே தூக்கிய பிறகும், பிடித்து வைத்த பதற்றத்தில் தசை கெட்டு உயிர் போவது உண்டு. கண்ணைத் துணியால் மூடி, நிழலில், சத்தமில்லாமல் கிடத்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சோறும் பழமும் வேண்டாம், அசை போடும் வயிறு தாங்காது.

16. கரும்புத் தோட்டத்தில் குட்டி தனியாகப் படுத்திருந்தால் அது அனாதை இல்லை. தாய் மேயப் போயிருக்கும், சாயங்காலம் வந்து பாலூட்டும். தூக்கி வந்து ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், வீட்டுக்கு வழக்கு. ஏற்கெனவே யாரோ தூக்கி வந்துவிட்டார்களா? 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.

17. பயிர் சேதத்துக்கு இழப்பீடு கேட்கிறவர்கள் செய்யும் ஒரே தவறு, காலையிலேயே வரப்பைச் சரிசெய்து களை எடுத்துவிடுவது. கால்தடம் அழியும் முன் படம் எடுங்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுத்தால் அளவு தெரியும், மானா மாடா என்ற வாதம் வராது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். விஏஓ வந்து பார்க்கும்வரை அந்தப் பாத்தியில் ஆடு மேய விடாதீர்கள்.