கற்றல் வளைவு: விளையாட்டிலும் ஓவியத்திலும்

என் மகளுக்கு வயது பன்னிரண்டு. ஒரு விடுமுறை நாளில், வீடியோ விளையாட்டின் ஒரே கட்டத்தில் அவள் இருபது முறைக்கு மேல் தோற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அன்று மாலை குதிரை ஒன்றை வரைய முயன்றவள், மூன்றாவது தாளையும் கிழித்தெறிந்துவிட்டு, "எனக்கு வரையவே வராதுப்பா" என்றாள். நானும் எண்ணிப் பாராமல், "வராததை விட்டுவிடு கண்ணு, வருவதைச் செய்" என்றேன். அதன்பின் ஆறு மாதங்கள் அவள் பென்சிலைத் தொடவில்லை.

இருபது தோல்விகளைப் பொறுத்துக்கொண்ட பிள்ளை, மூன்றே தோல்விகளில் மனம் ஒடிந்தது ஏன்? கல்லூரியில் அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் படித்த 'கற்றல் வளைவு' அப்போது நினைவுக்கு வந்தது.

வளைவு சொல்லும் கணக்கு

டி.பி. ரைட் என்னும் அமெரிக்க வானூர்திப் பொறியாளர் 1936இல் ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்டினார். செய்யும் வானூர்திகளின் எண்ணிக்கை இரு மடங்காகும்போதெல்லாம், ஒன்றுக்குச் செலவாகும் சராசரி உழைப்பு ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைகிறது என்பதே அது. முதல் பொருளுக்கு 100 மணி நேரம் பிடித்தால், இரண்டு பொருள்களின் சராசரி 80 மணி. நான்கின் சராசரி 64. எட்டின் சராசரி 51.2.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவதாக, ஆதாயம் 20, 16, 12.8 எனப் படிப்படியாகச் சுருங்குகிறது. இரண்டாவதாக, முதல் ஆதாயத்தைப் பெற இன்னும் ஒரு பொருள் செய்தால் போதும்; மூன்றாவது ஆதாயத்திற்கோ மேலும் நான்கு பொருள்கள் செய்ய வேண்டும். தொடக்கத்தில் விரைவாக முன்னேறும் ஒருவர், சில நாள்களில் தேக்கம் அடைந்ததாக உணர்வதன் காரணம் இதுவே. பலர் இதனைத் திறமையின்மை என்று கருதிக் கைவிட்டுவிடுகின்றனர். உண்மையில் அது வளைவின் இயல்பு. ஓவியத்தை மணிக்கணக்கில் அளக்க இயலாது. ஆயினும் இந்தப் போக்கை அங்கும் காணலாம்.

விளையாட்டில் படிகளை அமைத்தவர் வேறொருவர்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஷிகெரு மியாமோட்டோ முதலியோர் அதனை வடிவமைத்தனர். தொடங்கிய சில நொடிகளில் ஓர் எதிரி எதிரே நடந்துவருகிறது. தாவத் தெரியாதவர் தோற்பார். ஆனால் இழப்பது சில நொடிகள் மட்டுமே. உடனே மீண்டும் தொடங்கலாம். சற்றுத் தொலைவில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் உள்ளன. அவற்றின் நடுவே தரை உண்டு; தவறி விழுந்தாலும் தீங்கில்லை. அடுத்து அதே போன்ற படிக்கட்டுகள். இம்முறை நடுவில் பள்ளம். பாதுகாப்பான இடத்தில் பழகிய தாவலை, ஆபத்தான இடத்தில் பயன்படுத்துகிறோம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுமை, உடனடியாகத் தெரியும் விளைவு, மலிவான தோல்வி ஆகிய மூன்றும் சேர்ந்தே என் மகளை இருபது முறை எழச் செய்தன.

வெற்றுத் தாளில் படிகள் இல்லை

ஓவியத்தில் நிலைமை வேறு. குதிரையை வரைய முனைபவர் அளவு விகிதம், உடலமைப்பு, கோட்டின் உறுதி, ஒளி நிழல் அனைத்தையும் முதல் நாளிலேயே எதிர்கொள்கிறார். எங்கே தவறினோம் என்று தாள் சொல்வதில்லை. மேலும், கை பழகுவதற்கு முன்பே கண் பழகிவிடுகிறது. நல்ல ஓவியம் எது என்று அறிந்த குழந்தை, தன் ஓவியம் அவ்வாறு இல்லை என்பதையும் அறிகிறது. அந்த வேதனை கண்ணின் வளர்ச்சிக்கு அடையாளமே அன்றி, கையின் தோல்விக்கு அன்று.

அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில் ஒரு பயிற்சியைத் தருகிறார். பார்த்து வரைய வேண்டிய படத்தைத் தலைகீழாக வைத்து வரைய வேண்டும். அப்போது 'இது மூக்கு, இது கண்' என்னும் எண்ணம் விலகி, கோடுகள் மட்டுமே தெரிகின்றன. பல சுமைகளில் ஒன்றை அது இறக்கிவைக்கிறது.

வார்லி காட்டும் வழி

பணி மாறுதலால் நாங்கள் மகாராஷ்டிரத்தில் வசிக்கிறோம். இம்மாநிலத்தின் தகாணு, பால்கர் பகுதிப் பழங்குடியினரின் வார்லி ஓவியம் வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றால் அமைவது. நுனி தொடும் இரண்டு முக்கோணங்கள் உடல். ஒரு வட்டம் தலை. மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரையப்பட்ட இக்கலையை உலகறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

என் மகளிடம் மன்னிப்புக் கேட்டு, இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்தோம். முதல் வாரம் ஒரே ஒரு மனித உருவம். அடுத்த வாரம் கை கால்களின் அசைவு. அதன்பின் தார்ப்பா இசைக்கருவியை ஊதுபவரைச் சுற்றிச் சுருளாக ஆடும் கூட்டம். எந்தத் தாளையும் கிழிப்பதில்லை. தேதியிட்டு வைப்போம் என்பதே எங்கள் ஒப்பந்தம். இரண்டு மாதங்களுக்குப்பின் முதல் பக்கத்தைப் புரட்டியவள், "இதையா நான் வரைஞ்சேன்?" என்று சிரித்தாள். விளையாட்டில் திரை காட்டும் முன்னேற்றத்தை இங்கே தேதிகள் காட்டின. குதிரை இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் பென்சில் மீண்டும் அவள் கையில் இருக்கிறது.

நமக்கான பாடம்

• பெரிய திறனைச் சிறு படிகளாகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழகுங்கள்.
• தவறினால் இழப்பு குறைவாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள்.
• பழைய முயற்சிகளைத் தேதியிட்டுப் பாதுகாத்து, அவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.
• தேக்கம் வரும்போது, அதனை முடிவு என்று கொள்ளாதீர்கள்.

கைப்பேசி வழி வங்கிச் சேவையைக் கண்டு தயங்கும் மூத்த வாடிக்கையாளர்களிடமும் இதையே கூறுகிறேன். முதல் நாள் இருப்பை மட்டும் பாருங்கள். மறுநாள் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ பத்து ரூபாய் அனுப்புங்கள். பெரிய தொகை பிறகு வரட்டும். "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்று அவர்கள் கேட்கும்போது, "விட்டுவிடுங்கள்" என்று இப்போது நான் சொல்வதில்லை.