முச்சந்தியும் வெங்காயமும்

சிறு பொருள்களையும் பயனற்ற செய்திகளையும் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் சொற்களுள் ‘டிரிவியா’ என்பது ஒன்று. அதன் வரலாற்றையும், அதனோடு ஒத்த தமிழ் வழக்கொன்றையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இச்சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. ‘திரி’ என்பது மூன்று. ‘வியா’ என்பது வழி. மூன்று வழிகள் கூடும் முச்சந்தியே ‘திரிவியம்’ ஆகும். அங்குறையும் தெய்வத்தை உரோமர் ‘திரிவியா’ என்றழைத்தனர். சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதம் நம் நினைவிற்கு வருகின்றதன்றோ? முச்சந்தியில் எவரும் நிற்பர், எதனையும் பேசுவர். ஆதலின், அவ்விடத்திற்குரியது என்னும் பொருள்படும் சொல், பொதுவானது, மலிந்தது, அற்பமானது எனப் படிப்படியாக இழிந்தது. ஆயினும், இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்னும் முக்கலைகளுக்கும் திரிவியம் என்பதே பெயர். கல்விக்கு அடிப்படையும் அற்பமும் ஒரு வேரிற் பிறந்தமை வியப்பேயாம். 1716-இல் ஜான் கே என்னும் புலவர், இலண்டன் வீதிகளில் நடத்தலைப் பற்றிய தம் பாடலுக்கு இத்தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். 1902-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலுக்கு இப்பெயரிட்ட பின்னர், சிறு செய்திகள் என்னும் பொருள் பரவலாயிற்று.

இனித் தமிழை நோக்குவாம். அற்பமானதைத் துரும்பு என்பர்; தூசு என்பர்; வெங்காயம் எனவும் இகழ்வர். பெரியார் ஈ.வெ. இராமசாமி மேடைகளில் வழங்கிய இவ்வழக்கை நாடறியும். உரிக்க உரிக்கத் தோலேயன்றி உள்ளே யாதுமில்லை என்பது இதன் கருத்து.

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் இவ்வழக்குச் செல்லுமோ? அவ்வூர்ப் புலங்களின் செல்வமே சின்ன வெங்காயம். ஒரு விதைக்காயை ஊன்றினால் அது பல காய்களாகப் பிரிந்து பெருகும். திருகல் நோய் பற்றினாலோ, விலை வீழ்ந்தாலோ, குடும்பத்தின் கடன் அடையாது. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படும். பட்டறையிலிட்டு உழவர் காத்திருப்பது தோலுக்காகவன்று, வாழ்விற்காக.

மேலும், உள்ளே யாதுமில்லை என்பதும் பொருந்தாது. நாம் தோலென்று கழிக்கும் அடுக்குகளுட் புறத்தே காய்ந்தவை நீங்க, எஞ்சியவை உணவைச் சேமித்த இலையடிகளாம். அவற்றின் அடியில், நடுவே, முளைக்கும் குருத்து உறைகின்றது. இன்மை என்று நாம் கண்டது அடுத்த பயிரின் உயிரேயாம்.

ஆகவே, அற்பம் என்னும் பெயர் பொருளின் தன்மையைக் காட்டுவதினும் பெயரிட்டாரது பார்வையையே மிகுதியும் காட்டும். காசுக்கு விற்கும் அடைக்கலான் குருவியையும் கடவுள் மறவார் எனக் கற்பித்தார் நம் ஆண்டவர். சொல்லாராயும் மாணவராகிய நாமும், ஒன்றை அற்பமென்று தள்ளுமுன் ஒருமுறை உரித்துப் பார்ப்போமாக.